இடது பக்கத்துக் கதவு

வண்டி நன்றாகத்தான் இருந்தது. பார்க்கிறவர்களுக்குத்தான் கண் சரியில்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். கறுப்பு நிறச் சீமைக் கார். எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. முன் மட்கார்டில் ராசிபுரம் சந்தையில் ஒரு காளை முட்டிய பள்ளம். கூரையில் மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கி வந்த துரு. சீட்டுத் தோல் கிழிந்த இடத்தில் தேங்காய் நார் எட்டிப் பார்க்கும். திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து விளக்கு வைத்த சிறு கை ஒன்று நீண்டு வழி காட்டும். சில நாள் நீளும், சில நாள் நீளாது. அது அதன் இஷ்டம்.

ஒருமுறைகூட நான் அதற்குப் பெயிண்ட் அடித்ததில்லை. நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்காமல் இருப்பது சாதாரண காரியம் இல்லை. எங்கள் பக்கத்தில் பத்து வீட்டுக்கு ஒரு லாரி, லாரி இல்லாத வீட்டில் லாரி ஓட்டுகிறவர், அதுவும் இல்லாவிட்டால் லாரிக்குப் பாடி கட்டுகிற ஆசாரி. வருஷா வருஷம் எஃப்சி என்று ஒன்று வரும். வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று அதிகாரி பார்க்கிற நாள். அதற்கு முன்னால் லாரியை முழுக்கச் சுரண்டி, பள்ளமெல்லாம் பட்டி வைத்து அடைத்து, புதுப் பெயிண்ட் அடித்து, பூவும் பொட்டும் வைத்து நிறுத்திவிடுவார்கள். இஞ்சின் இருமிக்கொண்டிருக்கும், வெளியே மாப்பிள்ளைக் கோலம். இந்த ஊர்க்காரர்களுக்கு என் கார் அழுக்கு வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவனாகத்தான் தெரிந்தது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது கட்டில், பீரோ, கார், நாய் எல்லாவற்றையும் விற்றார். அந்த வருஷம் எங்கள் காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நன்றாக விளைந்திருந்தது. எனக்குக் கல்யாணமாகியிருந்த புதிது. மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மலையேறிப் போய்க் காரோடு இறங்கினோம். கொண்டைஊசி வளைவு முழுக்க பிரேக்கை மிதித்து மிதித்துக் கருகிய நாற்றம் வந்தது. கீழே கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு டீக்கடையோரம் நிறுத்திச் சக்கரங்களை ஆறவிட்டேன். அவள் இறங்கவில்லை. இடது பக்கத்து ஜன்னலைத் திறந்து, கதவின் மேல் விளிம்பில் கையை மடித்து வைத்துக்கொண்டு, வறுத்த கடலை வாங்கித் தின்றாள். ஊரே வந்து பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தாள்.

அன்று வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை. எங்கே போனாலும் இடது கை அந்த விளிம்பில்தான் இருக்கும். அவளுடைய பிறந்த வீடு கெங்கவல்லி. நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் வழியாகப் போவோம். ரோடு மோசம். குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் கண்ணாடி வளையல்களும் இரண்டு தங்க வளையல்களும் கதவில் உரசிக் கிணுகிணுவென்று கேட்கும். முதலில் பெயிண்டில் மெல்லிய கோடு விழுந்தது. பிறகு அது கீறலானது. வருஷங்கள் போகப் போகக் கறுப்பு தேய்ந்து, உள்ளே தகரம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஒரு முழத்துக்குக் குறைவான இடம்தான். அதில் துருவே பிடிக்கவில்லை. தினம் தேய்கிற இடத்தில் துருவுக்கு என்ன வேலை?

கெங்கவல்லிக்காரிக்கு எங்கள் பேச்சு வேடிக்கை. நான் ‘ஊடு’ என்றால் சிரிப்பாள். “வீட்டுக்கு ஒரு வீ இருக்குது. அதை எந்தச் சந்தையில வித்தீங்க?” என்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியது. நாங்கள் பேசவில்லை. பேச வேண்டியிருக்கும் என்று தோன்றுகிற நாளில் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவோம்.

ஒருதரம் ஆத்தூர் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. அவள் அவசரமாக ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். கைப்பிடியைச் சுற்றிய வேகத்தில் இன்னொரு கை வளையல் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி உடைந்தது. பச்சை வளையல். துண்டுகள் கதவின் இடுக்கில் விழுந்து உள்ளே போய்விட்டன. அவள் முகம் செத்துவிட்டது. ஓடுகிற வண்டியில் வளையல் உடைந்தால் யாருக்கு ஆகாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீடு திரும்பும்வரை என்னை வேகமாக ஓட்டவிடவில்லை. அதற்கப்புறம் குழியில் இறங்கும்போது கதவுக்குள்ளிருந்து கலகலவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. “நான் வராத அன்னிக்கும் வளையல் சத்தம் உங்களுக்குக் கேக்கும்” என்று கேலி செய்தாள்.

சகுனம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது ஆளை மாற்றிப் பார்த்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் அவளுக்கு வயிற்றில் நோவு வந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரிக்கு நானேதான் காரில் கூட்டிக்கொண்டு போவேன், வருவேன். அப்போதும் கை அந்த விளிம்பில்தான் இருந்தது. கை மெலிந்துவிட்டதால் வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறிப்போய் நின்றுகொள்ளும். கதவில் உரசுவதற்கு ஒன்றும் இருக்காது. கடைசிக் கடைசியாகப் போன தடவை சத்தமே இல்லை. சுமங்கலியாகப் போனாள் என்று சொல்லி, கை நிறையப் புது வளையல் அடுக்கி அனுப்பிவைத்தார்கள். உறவுக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அதில் என்ன ஆறுதல் என்று இதுவரை விளங்கவில்லை.

வண்டி கொட்டகையில் நின்றது. நான் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீடு தம்பியுடையது. அங்கிருந்து சோறு வந்துவிடும். வீட்டில் பேச ஆள் இல்லாமல் போனால் முதலில் குரல் மாறிவிடுகிறது. பால்காரரிடம் பேசும்போது என் குரல் எனக்கே கரகரவென்று யாருடையதோ போலக் கேட்டது. சாயங்காலத்தில் கொட்டகைக்குப் போய்ச் சாரதி சீட்டில் உட்காருவேன். எட்டி அந்தக் கீறல்களின் மேல் விரலை வைப்பேன். அவ்வளவுதான். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

கெங்கவல்லிக்கு ஒருதரம் அந்த வண்டியிலேயே போய் வர வேண்டும் என்று தோன்றியது அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான். தோன்றியது பிடித்துக்கொண்டது. அங்கே மாமனார் மாமியார் யாரும் உயிரோடு இல்லை. யாரைப் பார்க்க என்று கேட்டால் பதில் இல்லை. வண்டி அப்படியே, அவள் தேய்த்து வைத்த கதவோடு, அந்த ரோட்டில் ஓட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவே. பாட்டரியை மாற்றினேன். பெட்ரோல் ஊற்றி ஹாண்டில் போட்டுச் சுற்றினேன். புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. அப்போதுதான் இன்ஷூரன்ஸ் ஞாபகம் வந்தது.

எங்கள் காருக்கு இன்ஷூரன்ஸ் போட்டுவந்தவர் சேலத்துக்காரர் ஒருவர். தை பிறந்தால் பஸ் ஏறி வந்துவிடுவார். மோர் குடிப்பார். “வண்டி சௌக்கியமா?” என்று பிள்ளையை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். கொட்டகைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். தாள் தபாலில் வந்துவிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. அவள் படுத்த வருஷம் அவர் வரவில்லை. காலமாகிவிட்டார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். நானும் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் அதை மறந்துபோனேன். தவணை விட்டுப்போனதால் பழைய கணக்கு முடிந்துவிட்டது. இனிமேல் புதிதாகத்தான் போட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இல்லாமலும் ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். எனக்கு மனம் வரவில்லை. என் பிரேக்கின் லட்சணம் எனக்குத் தெரியும். ரோட்டில் போகிற ஒருவன்மேல் மோதிவிட்டால் அவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? ஒரு வீட்டில் ஆள் போனால் என்ன ஆகும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தம்பியிடம் சொன்னேன். அவன் நல்லவன்தான். ஆனால் எதையும் எடை போட்டுப் பார்க்கிறவன்.

“யானைன்னா செத்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்க. இது என்னத்துக்குங்ணா ஆகும்? சேலத்துல பழைய இரும்புக்காரன் வந்து அப்படியே தூக்கிக்கிட்டுப் போயிருவான். நீங்க ஒரு பைக்கு வாங்கிக்கோங்க” என்றான்.

“பைக்குல பக்கத்து சீட்டு இல்லியே” என்றேன். அவன் சோறு ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதலில் திருச்செங்கோட்டுக்குப் போனேன். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகள் அங்கிருந்துதான் தேசம் முழுக்கப் போகின்றன. அவற்றுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் போடுகிற ஏஜென்ட் ஒருவர் இருந்தார். சுவர் முழுக்க ரிக் வண்டிப் படங்கள். என் காரின் போட்டோவை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் வேறு நல்ல கார் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

“ஏனுங்க, நீங்க ஒரு ரிக்கு வாங்குங்க. அது ராஜஸ்தான் போயிக் குழி போட்டாலும் நான் போட்டுத் தாரனுங்க. இதுக்குக் கேட்டன்னு வெய்யுங்க, ஆபீசுல என்னையக் கேலி பண்ணுவாங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அப்புறம் சேலம் ஆபீஸ். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். இப்போது என்ன விலைக்குப் போகும் என்றார்கள். விற்கிறதாக இல்லை என்றேன். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா என்றார்கள். கிடைக்காது என்றேன். உண்மையைச் சொன்னால் காரியம் நடக்காது என்பது எனக்கு அந்த ஆபீஸில்தான் புரிந்தது. கடைசி மேஜையில் ஒரு ஆபீசர் இருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சிலேயே தெரிந்தது, என் மனைவி பேசுகிற பேச்சு. அதனாலேயே அவர் எதிரில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

“தேர்டு பார்ட்டி மட்டும் போதும்ங்க. என்ற வண்டிக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம். அடுத்தவனுக்கு ஏதாச்சும் ஆனா அவனுக்குக் குடுத்தாப் போதும்” என்றேன்.

“தவணை விட்டுப்போன வண்டி சார். நேர்ல பாக்காம போட முடியாது. வண்டிய இங்க கொண்டாங்க.”

“இன்ஷூரன்ஸ் இல்லாம ரோட்டுல எப்படிங்க கொண்டாரது?”

“வண்டியப் பாக்காம இன்ஷூரன்ஸ் எப்படி சார் தர்றது?”

இரண்டு பேரும் சொன்னது சரி. அதனால் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவருக்கே பாவமாகப் போய்விட்டது. நாமக்கல்லில் ஒரு லாரி விபத்தைப் பார்க்க வர வேண்டியிருக்கிறது, அப்படியே வருகிறேன் என்றார்.

வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடையைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியே நடந்து வந்தார். அவள் போன பிறகு என் வீட்டுக்கு என்னைப் பார்க்க என்றே வந்த முதல் ஆள் அவர்தான். நானே காப்பி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தார். நான் என் டம்ளரில் வாய் வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இடது பக்கத்துக் கதவருகே வந்து நின்றார்.

“இது என்ன சார், அரத்தால ராவுன மாதிரி?”

“பழசுங்க” என்றேன்.

கதவைத் திறந்து ஆட்டிப் பார்த்தார். கலகலத்தது. “உள்ள என்னமோ லொடலொடங்குதே?”

“அதுவும் பழசுதானுங்க.”

நான் விஷயத்தைச் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பார், கேட்கிற மாதிரியான மனிதர்தான். எனக்குத்தான் வாய் வரவில்லை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை.

“பெயிண்ட், துரு இதெல்லாம் எனக்குத் தேவையில்ல சார். பிரேக்கு, ஸ்டீரிங்கு, லைட்டு, ஆரன். இந்த நாலும் சரியா இருக்கணும். ஒரு பட்டறையில விட்டுப் பாத்து வைங்க. அடுத்த வாரம் பட்டறைக்கே வந்து பாத்துடறேன்” என்றார். போகும்போது, “பழைய வண்டிய அப்படியே வச்சிருக்கீங்க. நல்லாருக்குது” என்றார். அன்று ராத்திரி தம்பி வீட்டுச் சோற்றை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை நாமக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனோம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று தெரிந்தவருடையது. நாற்பது வயதுக்காரர். என்னை அண்ணா என்பார், அவளை அக்கா என்பார். அவருடைய கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்து வந்தது இந்தக் காரில்தான். பின்சீட்டில் பெண், முன்னால் இடது பக்கத்தில் அவள். வழியெல்லாம் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே வந்து, அழுகையை நிறுத்திக் கூட்டிவந்தாள்.

“இன்ஷூரன்சு ஆபீசர் அடுத்த வாரம் வண்டியப் பாக்க வாராருப்பா. பிரேக்கு, லைட்டு, ஆரன், ஸ்டீரிங்கு. எல்லாத்தையும் பாத்து வெய்யி” என்றேன்.

“உட்டுட்டுப் போங்கண்ணா. நான் பாத்துக்கறன்” என்றார்.

காட்டில் கிழங்கு வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆட்கள், வண்டி, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை என்று அந்த வாரம் ஓடிவிட்டது. பட்டறைப் பக்கம் போகவில்லை. ஆபீசர் வருகிற நாள் காலையில் பஸ் ஏறிப் போனேன்.

பட்டறை வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. என் வண்டியைக் காணோம். ஒரு மூலையில் புத்தம் புதிய கறுப்புக் கார் ஒன்று பளபளவென்று நின்றது. யாரோ பணக்காரர் வண்டி என்று நினைத்துத் தாண்டிப் போனேன். பிறகு அதன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு விளக்கும் எனக்குத் தெரிந்தவை.

காளை முட்டிய பள்ளம் இல்லை. கூரையில் துரு இல்லை. சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு ஓட்டியிருந்தார்கள். முன்னால் சாமி பெயர் எழுதித் துணை என்று போட்டிருந்தது. பின்னால் இரண்டு பக்கமும் தாமரைப் பூ. பம்பரில் கறுப்புக் கயிற்றுக் குஞ்சமும் எலுமிச்சம்பழமும். ஆபீசர் பார்க்க வருகிறார் என்று நான் சொன்னேன். இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான், எஃப்சி. நாமக்கல்லில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அது லாரிக்கு என்று நினைத்திருந்தேன்.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. நேராக என்னை இடது பக்கத்துக் கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“இந்த எடந்தானுங்கண்ணா படாத பாடு படுத்திப்போட்டுது. தகரமே தேஞ்சு கெடந்துச்சு. எமரி போட்டுத் தேச்சு, பட்டி வெச்சு, மறுக்காத் தேச்சு, மறுக்கா வெச்சு… கையி வெச்சுப் பாருங்க. தெரியாது.”

கை வைத்தேன். தெரியவில்லை. கண்ணாடிபோல வழுவழுவென்று இருந்தது. விளிம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவினேன். எங்கேயும் எதுவும் தட்டுப்படவில்லை.

கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. அந்த மனிதரின் கையைப் பிடித்து முறுக்க வேண்டும் என்கிற அளவுக்கு வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். இங்கே குரங்காகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் வைத்திருந்ததைப் பிள்ளையாராக்கி வைத்திருந்தார்.

“எவ்வளவு ஆச்சு?” என்றேன்.

“என்னங்கண்ணா இது. எங்கூட்டுக்காரி இந்த வண்டியிலதானுங்க எங்கூட்டுக்கு வந்தா. அக்கா உக்காந்து வந்த வண்டி. அத நாலு பேரு மூஞ்சியச் சுளிக்கற மாதிரி நிறுத்தலாமுங்களா? அக்காவுக்குச் செஞ்சதா இருக்கட்டும்” என்றார். கண் கலங்கியிருந்தது.

“நல்லா இருக்குதப்பா” என்றேன்.

ஆபீசர் வந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். பிரேக்கை மிதித்தார், ஆரன் அடித்தார், விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதையெல்லாமும் பட்டறைக்காரர் ஒழுங்காகவே செய்திருந்தார். கடைசியில் இடது பக்கத்துக்கு வந்தவர் கதவைப் பார்த்துக் குனிந்தார்.

“இங்க ஒரு கீறல் இருந்துச்சே சார்? போயிடுச்சே.”

எனக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். உலகத்தில் என்னைத் தவிர அந்தக் கீறலைத் தேடிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதற்காக அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்ஷூரன்ஸ் தாள் தபாலில் வந்தது. அதைக் காரின் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பல நாள் வண்டியைத் தொடவில்லை. போய் என்ன ஆகப்போகிறது? எதை ரோட்டில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டேனோ அதைப் பட்டி வைத்து அடைத்தாயிற்று. தம்பி வந்து வந்து காரைப் பார்த்தான். இப்போது விற்றால் நல்ல விலைக்குப் போகும் என்றான். அந்தப் பேச்சைக் கேட்க முடியாமல்தான் ஒரு நாள் காலையில் வண்டியை எடுத்தேன்.

ராசிபுரம் வரைக்கும் ரோடு பரவாயில்லை. போகிற லாரிக்காரர்கள் எல்லாம் ஆரன் அடித்து மரியாதை செய்துவிட்டுப் போனார்கள், அவர்கள் வீட்டுக் குழந்தை என்று நினைத்துக்கொண்டு. நான் இடது பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் சீட்டு காலியாக இருக்கும். அது பழகிவிட்டது. அதற்கு அந்தப் பக்கத்துக் கதவும் காலியாக இருக்கும். அது பழகவில்லை. அவள் செத்த நாளில்கூட நான் அவ்வளவு தனியாக இல்லை. அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

நாமகிரிப்பேட்டையைத் தாண்டியதும் பழைய குழிகள் ஆரம்பித்தன. முதல் குழியில் சக்கரம் இறங்கி ஏறியது. கலகலவென்று கேட்டது.

பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி நின்றதும் சத்தமும் நின்றுவிட்டது. மெல்ல நகர்த்தி அடுத்த குழியில் இறக்கினேன். மறுபடியும் கேட்டது. கீறல் போன துக்கத்தில் அந்தப் பச்சை வளையல் துண்டுகளை நான் மறந்தே போயிருந்தேன். சுரண்டியவர்கள் வெளியே சுரண்டினார்கள். உள்ளே இருந்ததைத் தொடவில்லை. அங்கேயே ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அவள் போனதற்கு அதுவரைக்கும் நான் அப்படி அழுதிருக்கவில்லை. மாட்டு வண்டியில் போன ஒருவர் இறங்கி வந்து, வண்டி நின்றுபோய்விட்டதா, தள்ளிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

கெங்கவல்லிக்குப் போனேன். அவளுடைய பிறந்த வீட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். வேறு யாரோ குடியிருந்தார்கள். இறங்காமலே திரும்பிவிட்டேன்.

சில நாள் கழித்து பிரேக் உரசுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனேன். சரி செய்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதற்காகப் பட்டறைக்காரர் என்னோடு ஏறிக்கொண்டார். இடது பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தார். வாய்க்கால் பாலத்து மேட்டில் வண்டி ஏறி இறங்கியதும் அவர் காதைச் சாய்த்தார்.

“கதவுக்குள்ள என்னமோ குலுங்குதுங்கண்ணா. அன்னிக்கே பாக்காம உட்டுட்டன். ஓரமா நிறுத்துங்க. சித்த நேரம், கழட்டி எடுத்து வீசிப்போடறன்.”

நிறுத்தினேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கதவின் உள்பக்க அட்டையில் ஒரு திருகைக் கழற்றியும்விட்டார். இரண்டாவது திருகில் கை வைத்தார். கழற்றி எடுத்தால் இனி அந்த வண்டியில் அவள் இல்லை. அந்தச் சமயத்திலும் வார்த்தை லேசில் வரவில்லை.

“கழட்டாதப்பா. அது உங்கக்கா வளையல்” என்றேன்.

அவருடைய கை நின்றது. மழை பெய்தது, கண்ணாடி ஏற்றியது, வளையல் மாட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். அவளைப் பற்றி ஒரு மனிதரிடம் நான் அவ்வளவு பேசியது அன்றுதான். அவர் கழற்றிய திருகைத் திரும்ப வைத்து முடுக்கினார். நிமிரும்போது அவருடைய கை தானாகக் கதவு விளிம்புக்குப் போனது. அங்கே பட்டி வைத்த இடத்தில் விரல் நின்றது.

“இதும் அக்கா கையிதானுங்களாண்ணா?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். “ஆமாப்பா” என்றேன்.

அவர் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பட்டறை வந்து சேரும்வரைக்கும் அந்தக் கதவில் அவர் கை படவே இல்லை.

அதற்குப் பிறகும் வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் புதுப்பித்தேன். வண்டியைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அடித்த பெயிண்ட் வெயிலில் வெளுத்துப்போனது. தாமரைப் பூ உதிர்ந்தது. பட்டி மட்டும் உறுதியாக நின்றது, அவ்வளவு நல்ல வேலை. எண்பதுகளில் ராசிபுரத்துக்குப் புதுத் தார் ரோடு போட்டார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது என்று தம்பி சொன்னான். நான் ஒருதரம் போய்ப் பார்த்தேன். கதவு வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கே போவதானாலும், சுற்றுவழியானாலும், ஏரிக்கரையோரம் போகிற பழைய குழி ரோட்டில்தான் போகிறேன்.